கொழும்பில் காமிக்ஸ் இரசிகராவது எப்படி: முதல் புத்தகத்திலிருந்து முதல் கொன் வரை

காமிக்ஸ் படிக்க ஆசை, ஜப்பானிய அனிமேஷனான அனிமே பார்க்க ஆசை, வேஷம் போட்டுக்கொண்டு ஒரு கொன், அதாவது இரசிகர்கள் கூடுகிற விழா, போய்வரவும் ஆசை. ஆனால் கொழும்பில் இதையெல்லாம் எங்கே தொடங்குவது? இப்படிக் கேட்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நாற்பது வயதில் கேட்கிற அண்ணன் அக்காமாருக்கும் பதில் இதுதான். இந்த ஊரில் இரசிகர்கள் இருக்கிறார்கள், புத்தகம் கிடைக்கிறது, கூடுகிற இடங்களும் உண்டு. வழி தெரிந்தால் போதும்.

நிறையப் பேர் பெரிய பட்டியலோடு தொடங்கி, பாதியில் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் ஆங்கிலத்தில் படித்தவர்களுக்குத்தான் இந்த உலகம் என்று ஒதுங்கி நிற்கிறார்கள். இந்த இரண்டாவது எண்ணம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. தமிழில் படக்கதை படித்து வளர்ந்த ஒருவருக்கு இந்த மேசையில் தாராளமாக இடமுண்டு. சொல்லப்போனால், மற்றவர்களிடம் இல்லாத ஒரு சொத்தோடுதான் அவர் வந்து உட்காருகிறார்.

ஒரேயொரு பாத்திரத்தைப் பிடியுங்கள்

சூப்பர்மேன் 1938இல் வந்தது, பேட்மேன் 1939இல், ஸ்பைடர்மேன் 1962இல். இவற்றை முதல் இதழிலிருந்து வரிசையாகப் படித்து முடித்தவர் யாரையும் நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. அப்படி யாரும் தொடங்குவதில்லை. உங்களுக்கு ஏற்கனவே பிடித்த ஒரு பாத்திரத்தை எடுங்கள். சுட்டி டிவியில் தமிழ் பேசிய ஜாக்கி சானாக இருக்கட்டும். ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்துக்குக் கொண்டுவந்த ‘பிஸ்ஸு பூஸா’வாக இருக்கட்டும். கொழும்பில் தமிழ் வீடுகளிலும் அந்தப் பூனையைப் பார்த்துச் சிரித்து வளர்ந்த பிள்ளைகள் உண்டு. ராணி காமிக்ஸில் பார்த்த முகமூடி வீரனாக இருந்தாலும் சரி.

பிடித்த பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். இதை வரைந்தவர் யார்? முதலில் எந்த நாட்டில், எந்தப் பத்திரிகையில் வந்தது? எந்த வருடம்?

இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்வோம். கையில் மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரிகிற அந்த மனிதர், தமிழில் நமக்கு எவ்வளவு நெருக்கமானவர். அவர் 1962இல் பிரிட்டனில் ‘வேலியன்ட்’ என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தவர். அவரை வரைந்து புகழ்பெற்ற ஹெசூஸ் பிளாஸ்கோ ஒரு ஸ்பானிய ஓவியர். கறுப்பு வெள்ளையில் அவர் விழ வைக்கிற நிழலைக் கவனிக்கத் தொடங்கினால், அதே காலத்தில் ஸ்பெயினிலிருந்து பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்கு வரைந்த மற்ற ஓவியர்களைத் தேடத் தோன்றும். இப்படி ஒரு நூலைப் பிடித்தாலே வருடக்கணக்கில் படிக்க இருக்கிறது. பட்டியல் எதுவும் தேவைப்படாது.

தமிழில் இருப்பதை முதலில் படியுங்கள்

முத்து காமிக்ஸ் 1972இல் சிவகாசியில் தொடங்கியது. முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது, அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்தது. ராணி நின்றுவிட்டது. முத்துவும் லயனும் இன்றைக்கும் வருகின்றன. இத்தாலியில் 1948இல் பிறந்த டெக்ஸ் வில்லர், பெல்ஜியத்தில் 1946இல் பிறந்த லக்கி லூக், பிரிட்டனில் 1963இல் பிறந்த மாடஸ்டி என்று உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் அந்தப் பக்கங்களில் தமிழ் பேசுகிறார்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? ஆங்கிலத்தில் மட்டும் படிக்கிற ஓர் இரசிகருக்கு அமெரிக்கக் கதைகள் வடிவாகத் தெரியும், ஜப்பானியக் கதைகளும் தெரியும். ஆனால் டெக்ஸ் வில்லர் என்றால் பலருக்கு யாரென்றே தெரியாது. இத்தாலியில் மாதாமாதம் வருகிற அந்தக் கௌபோயை சிவகாசி அச்சில் படித்த பையன், தன்னை அறியாமலே ஐரோப்பிய படக்கதை மரபுக்குள் கால் வைத்தவன். கொன் ஒன்றில் யாராவது உங்களிடம் “என்ன படிப்பீர்கள்?” என்று கேட்டால் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். கேட்டவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கதைக்கத் தொடங்குவார்.

நம் ஊருக்கென்றும் ஒரு மரபு உண்டு. ‘சுந்தர்’ என்று கையெழுத்திட்ட சி. சிவஞானசுந்தரம் 1963இல் கொழும்பிலிருந்து ‘சிரித்திரன்’ சஞ்சிகையைத் தொடங்கினார். பின்னர் அது யாழ்ப்பாணத்துக்குப் போனது. சவாரித் தம்பர், சின்னக்குட்டி, மெயில்வாகனத்தார், மிஸிஸ் டாமோடிரான் என்று அவர் வரைந்த ஆட்கள் எல்லாரும் நாம் சந்தியில் பார்க்கிறவர்கள். வேட்டி மடிப்பிலும் குடையைப் பிடிக்கிற விதத்திலும் ஆளை அடையாளம் காட்டிவிடுவார். “செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம்” என்பது அந்தச் சஞ்சிகையின் வாசகம். பழைய இதழ்கள் பல நூலகம் இணையத் தளத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதற்காக ஒதுக்குங்கள். பேச்சுத் தமிழை ஒரு படச் சட்டத்துக்குள் எப்படி அடக்குகிறார், நகைச்சுவை முகத்தில் விழுகிறதா வார்த்தையில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். பிறகு நீங்களே வரைய உட்காரும்போது இது கைகொடுக்கும்.

சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு கதவும் திறக்கிறது. 1951இல் லங்காதீப பத்திரிகையில் ஜி. எஸ். பெர்னாண்டோ வரைந்த ‘நீலா’விலிருந்து சித்ரகதா என்கிற சிங்களப் படக்கதை மரபு வளர்ந்தது. ஒரு காலத்தில் படக்கதைக்கென்றே வாரப் பத்திரிகைகள் விற்றுத் தீர்ந்த நாடு இது. கமிலஸ் பெரேராவின் ‘கஜமன்’ பாத்திரம் 2023இல் முப்பரிமாண அனிமேஷன் படமாகத் திரைக்கு வந்தது. எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கத் தெரியும் என்றாலும் பரவாயில்லை. படம் பாதியைச் சொல்லிவிடும், மொழியும் கொஞ்சம் கூடி வரும்.

புத்தகம் எங்கே கிடைக்கும்

தமிழ்ப் புத்தகம் என்றால் முதலில் பூபாலசிங்கம் புத்தகசாலை. செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தை காலி வீதியிலும் இருக்கிறது. காமிக்ஸ் எப்போதும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாமல், கடையில் உள்ளவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். “அண்ணை, லயன், முத்து ஏதும் வந்திருக்கா? வந்தால் சொல்லுவீங்களா?” என்று கேட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். நாலு பேர் இப்படிக் கேட்டால்தான் அடுத்த தடவை கடைக்காரர் அதை எடுப்பிப்பார்.

சிவகாசியிலிருந்து நேரடியாகத் தபாலில் எடுப்பிப்பதென்றால், புத்தக விலையை விடத் தபால் செலவு கூடிவிடுவது உண்டு. சென்னைக்குப் போய்வருகிற சொந்தக்காரர், சிநேகிதர் யாரிடமாவது சொல்லி வைப்பதே நல்ல வழி. புத்தகப் பெயரை எழுதி வட்ஸ்அப்பில் அட்டைப் படத்தோடு அனுப்புங்கள். “ஏதாவது காமிக்ஸ் வாங்கிட்டு வாங்கோ மாமா” என்று பொதுவாகச் சொன்னால் பெட்டியில் வருவது சிறுவர் வண்ணம் தீட்டும் கொப்பியாக இருக்கலாம்.

பழைய புத்தகத்துக்கு மருதானைப் பக்கம் போக வேண்டும். டி. ஆர். விஜேவர்தன மாவத்தையோரம் இருக்கிற பழைய புத்தகக் கடைகளில் ஆங்கிலக் காமிக்ஸும் சித்ரகதாப் பத்திரிகைகளும் எப்போதாவது தமிழும் அகப்படும். காலையில் போங்கள். வெயில் ஏறினால் அடுக்குகளுக்கு நடுவே நிற்க முடியாது. வாங்குமுன் மூன்று இடத்தைப் பாருங்கள்: நடுப்பக்கம் ஊசியோடு நிற்கிறதா, கடைசிப் பக்கம் இருக்கிறதா, முதுகை விரித்தால் பூச்சி அரித்த துளை தெரிகிறதா. கடைசிப் பக்கம் இல்லாத துப்பறியும் கதையை அரை விலைக்குத் தந்தாலும் வேண்டாம். பூச்சித் துளை உள்ளதை வீட்டுக்குக் கொண்டுபோனால் அலுமாரியில் இருக்கிற மற்றதும் போய்விடும். விலை பேசலாம், ஆனால் கடைக்காரர் உங்களுக்காக ஓர் அடுக்கை முழுதாக இறக்கி வைத்திருந்தால் ஒன்றாவது வாங்கிவிட்டு வருவதுதான் மரியாதை.

செப்டெம்பரில் பௌத்தாலோக மாவத்தையில் உள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் கொழும்புச் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி நடக்கும். ஆங்கிலப் படக்கதை நாவல்களையும் ஜப்பானியப் படக்கதையான மாங்காவையும் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து வாங்க அதுதான் நல்ல சமயம். வார இறுதியில் சனம் தள்ளும். வேலை நாள் ஒன்றில் காலையில் போக முடிந்தால் போங்கள்.

படக்கதை என்றால் சண்டையும் சாகசமும்தானா என்று வீட்டில் கேட்டால், ‘வன்னி’ என்ற படக்கதை நாவலைக் காட்டுங்கள். பெஞ்சமின் டிக்ஸ் எழுதி லிண்ட்சே பொல்லாக் வரைந்து 2019இல் ஆங்கிலத்தில் வந்தது. போரின் கடைசிக் காலத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போவதை அது சொல்கிறது. மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு திறக்க வேண்டிய புத்தகம். நம்மில் பலருக்கு அது தூரத்துக் கதை இல்லை.

வாங்கியதைப் பாதுகாப்பது பற்றி ஒன்று. கொழும்பில், அதுவும் கடற்கரைப் பக்கம் வீடு என்றால், ஈரமும் உப்புக்காற்றும் கடதாசியைத் தின்னும். வெளிச்சுவரோடு ஒட்டிய தட்டில் வைக்காதீர்கள். மூடுகிற பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பைகள் போட்டு, நிமிர்த்தி அடுக்குங்கள். சப்பாத்துப் பெட்டியோடு வருகிற சிறு பைகளே போதும். மாதத்துக்கு ஒருமுறை திறந்து காற்றுப்பட வையுங்கள்.

மாங்கா, அனிமே பக்கம்

மாங்காவை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். பக்கத்துக்குள் சட்டங்களும் அப்படியே வலது மேல் மூலையிலிருந்து தொடங்கும். பத்துப் பக்கத்தில் கண் பழகிவிடும்.

நூறு பாகத்தைத் தாண்டிய தொடர் ஒன்றை முதல் மாங்காவாக எடுக்காதீர்கள். பாகங்களுக்குச் செலவாகும், இடையில் ஒன்று கிடைக்காமலும் போகும். பன்னிரண்டு பாகத்தில் முடிகிற ‘டெத் நோட்’ போன்ற ஒன்று புதியவருக்குப் பொருத்தம். காசு கொடுத்து வாங்குமுன் பிடிக்கிறதா என்று பார்க்க ‘மாங்கா பிளஸ்’ செயலியைப் பாருங்கள். ஜப்பானில் ஷூஎய்ஷா நிறுவனமே 2019இல் தொடங்கியது. பல தொடர்களின் முதல் சில அத்தியாயங்களும் புதிதாக வந்தவையும் இலவசம். கள்ளத் தளங்களில் எல்லாம் கிடைக்கிறது என்பது எனக்கும் தெரியும். வரைகிறவருக்குப் போய்ச் சேருகிற வழி கையில் இருக்கும்போது அதைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் கொன்: வேஷம் இல்லாமல் போங்கள்

இரசிகர்கள் கூடுகிற பழக்கம் உலகில் பழையது. இத்தாலியின் லூக்காவில் 1966இலிருந்து நடக்கிறது, அமெரிக்காவின் சான் டியேகோவில் 1970இலிருந்து, தோக்கியோவின் கொமிக்கெட் 1975இலிருந்து. கொழும்பில் கீக் கிளப் ஒஃப் ஸ்ரீலங்கா 2015இல் லங்கா காமிக் கொன்னைத் தொடங்கியது. அனிமேக்கும் வீடியோ விளையாட்டுகளுக்கும், பாத்திரம் போல வேஷம் போடுகிற கொஸ்பிளேக்கும் என்று சிறிய ஒன்றுகூடல்களும் நடக்கின்றன. திகதியும் இடமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் ஏற்பாட்டாளர்களின் பக்கத்தைப் பின்தொடருங்கள். ஒருவர் பகிர்ந்த பழைய போஸ்டரை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

முதல் தடவை சாதாரண உடுப்பில் போவது நல்லது என்பது என் எண்ணம். வேஷம் போட்டால் அன்று முழுவதும் அந்த உடுப்பையே கவனித்துக்கொண்டிருப்பீர்கள். சும்மா போனால் எல்லாவற்றையும் பார்க்கலாம், மேசை மேசையாக நின்று கதைக்கலாம், மற்றவர்கள் கவசத்தை எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்று பின்பக்கமாகவும் பார்க்கலாம். பிடித்த பாத்திரத்தின் ரீசேர்ட் ஒன்று போதும். அதைப் பார்த்தே யாராவது வந்து பேசுவார்கள்.

டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க முடிந்தால் எடுங்கள். கதவு திறக்கிற நேரத்துக்குப் போனால் கூட்டம் குறைவு, ஓவியர்களுக்கும் பேச நேரம் இருக்கும். சிறு நோட்டுகளாகக் காசு, தண்ணீர்ப் போத்தல், மின்வங்கி, தேசிய அடையாள அட்டை, வாங்கிய ஓவியம் மடியாமல் வைக்க ஒரு கட்டியான கோப்பு. இவ்வளவும் பையில் இருக்கட்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கரையோர ரயில் சனி ஞாயிறில் நிம்மதி. நூறாம் இலக்க பஸ் காலி வீதியில் எப்போதும் உண்டு. திரும்பும்போது நாலு பேர் சேர்ந்து ஓட்டோ பிடித்தால் செலவும் பகிரும், அங்கேயே ஒரு சிநேகிதமும் பிடிக்கும்.

உள்ளே போனதும் முதல் சுற்றில் எதுவும் வாங்காதீர்கள். ஒரு முழுச் சுற்று நடந்து பார்த்துவிட்டு, காசு எங்கே போக வேண்டும் என்று முடிவெடுங்கள். பொம்மையும் சாவிக்கொத்தும் இணையத்திலும் கிடைக்கும். நம் ஊர் ஓவியர் தன் கையால் வரைந்து அச்சடித்து வைத்திருக்கிற படமும் சிறு புத்தகமும் அந்த மேசையில் மட்டும்தான் கிடைக்கும். நான் காசை அங்கேதான் போடச் சொல்வேன். “இதைச் சும்மா ஒண்டு வரைஞ்சு தாங்கோவன்” என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் அந்த மேசைக்கும் காசு கொடுத்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

மொழி ஒரு தடையாகத் தோன்றலாம். அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும், பேச்சு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கலந்து ஓடும். ஆனால் இரண்டு பேர் ஒரே பாத்திரத்தை விரும்புகிறார்கள் என்றால் உடைந்த சிங்களமும் உடைந்த தமிழும் தாராளமாகப் போதும். படம் எடுக்கக் கேட்பதற்கு “ஃபோட்டோ எகக் கன்ன புளுவன்த?” என்று ஒரு வசனம் தெரிந்திருந்தால் நாள் முழுக்க உதவும். தமிழில் கதைக்கிற குரல் எங்காவது கேட்டால் போய் அறிமுகமாகுங்கள். நாம் அங்கே நிறையப் பேர் இருக்கிறோம், ஒருவரையொருவர் தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

படம் எடுப்பதில் ஒரு விதி. எடுக்குமுன் கேட்க வேண்டும், எப்போதும். சாப்பிடும்போதும், உடுப்பைச் சரிசெய்யும்போதும், தூரத்திலிருந்து சூம் பண்ணியும் எடுக்கக்கூடாது. வேஷம் போட்டிருப்பது தொட அனுமதி ஆகாது. தோளில் கை போடுவதற்கும் கேட்க வேண்டும். இணையத்தில் போடுவதற்குத் தனியாகக் கேளுங்கள். வீட்டுக்குத் தெரியாமல் வந்திருக்கிற பிள்ளைகளும் இருப்பார்கள். யாராவது உங்களைத் தொந்தரவு செய்தாலோ, இன்னொரு பிள்ளையைத் தொந்தரவு செய்வதைக் கண்டாலோ ஏற்பாட்டாளரிடம் உடனே சொல்லுங்கள். பக்கத்தில் போய் “தங்கச்சி, எல்லாம் ஓகேயா?” என்று நிற்பதே பெரிய உதவி.

இன்னொன்றும் உண்டு. “நீ உண்மையான இரசிகன் என்றால் மூன்றாம் பாகத்தில் வருகிற வில்லன் பெயர் சொல்லு” என்று பரீட்சை வைக்கிற ஆட்கள் எங்கேயும் இருப்பார்கள், பெண் பிள்ளைகளிடம் அதிகமாகவே. பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. “இன்னும் அங்கே வரவில்லை, கதையைச் சொல்லிவிடாதீங்கோ” என்று நகர்ந்துவிடுங்கள். பிறகு உங்களிடம் ஒரு புதியவர் வரும்போது அவருக்குப் படிக்க ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

கொஸ்பிளே: முதல் உடுப்பு

முதல் வேஷத்துக்குக் கவசம் இல்லாத பாத்திரமாகப் பாருங்கள். பள்ளிச் சீருடை, கோட், மேலங்கி என்று துணியால் முடிகிற பாத்திரங்கள் நிறைய உண்டு. நம்மிடம் இருக்கிறதையும் யோசியுங்கள். சவாரித் தம்பராக வருவதற்கு வேட்டி, சால்வை, குடை போதும். அப்படி ஒருவர் மண்டபத்துக்குள் நடந்து வந்தால் நான் எழுந்து நின்று கை தட்டுவேன்.

துணிக்குப் புறக்கோட்டை மெயின் வீதியும் குறுக்குத் தெருக்களும். முதலாம் குறுக்குத் தெருவில் சிறு மின்விளக்கு, வயர், பற்றரி கிடைக்கும். ஞாயிறும் போயா நாளும் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், சனிக்கிழமை நெரிசல். வேலை நாள் காலைதான் சுகம். படத்தை அச்சடித்துக் கையில் கொண்டுபோங்கள். தொலைபேசித் திரையில் நிறம் வேறாகத் தெரியும், கடைக்குள் வெளிச்சமும் வேறு. துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். தைக்க உங்கள் ஒழுங்கையில் இருக்கிற தையற்கார அக்காவே போதும், ஆனால் முன், பின், பக்கவாட்டு என்று மூன்று படம் கொடுங்கள். கொன்னுக்கு ஒரு மாதம் முன்னரே கொடுங்கள். தீபாவளி, தைப்பொங்கல், புத்தாண்டு நெருங்குகிற நாளில் கொடுத்தால் கைக்கு வராது.

உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் போடுங்கள். கொழும்பு வெக்கையில் பொலியெஸ்டர் மேலங்கியும் விக்கும் சேர்ந்தால் மயக்கமே வரும். மணிக்கொருமுறை விக்கைக் கழற்றித் தண்ணீர் குடியுங்கள்.

கவசம் செய்யத்தான் வேண்டும் என்றால் ஈவா ஷீட் என்கிற மெத்தென்ற நுரைத் தாள் வாங்குங்கள். உடம்பில் பொலித்தீனைச் சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, மார்க்கரால் வடிவத்தைக் கீறி, கவனமாக வெட்டி எடுத்தால் உங்கள் அளவுக்கே மாதிரி கிடைக்கும். அதை வைத்து ஷீட்டை வெட்டலாம். கத்தியின் அலகு புதிதாக இருக்க வேண்டும், மழுங்கினால் விளிம்பு பிய்ந்துவிடும். ஒட்டுவதற்குச் சப்பாத்துத் தைப்பவர்கள் பாவிக்கிற மஞ்சள் பசை. இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு சேர்த்து அமுக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் மதியம் வியர்வையில் கழன்றுவிடும். நிறம் பூசுமுன் சூட்டுத் துப்பாக்கியால் மேற்பரப்பைச் சூடாக்கி, வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து இரண்டு மூன்று தடவை பூசுங்கள். நிறம் உறிஞ்சப்படாமல் மேலே நிற்கும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், அந்தப் பசையின் ஆவி நெஞ்சுக்குக் கூடாது.

ரிஜிபோம் மலிவு, இலேசு, பெரிய வாளுக்கு ஏற்றது. ஆனால் அதன்மேல் மஞ்சள் பசையோ ஸ்பிரே பெயின்டோ பட்டால் கரைந்து குழி விழும். ரிஜிபோமுக்கு வெள்ளைப் பசையும் நீரில் கரைகிற அக்ரிலிக் நிறமும்தான்.

அடுத்தது எல்லாவற்றையும் விட முக்கியம். பொம்மைத் துப்பாக்கியையோ நிஜம் போலிருக்கிற வாளையோ கையில் பிடித்துக்கொண்டு வீதியில் நடக்க வேண்டாம், ரயிலில் ஏறவும் வேண்டாம். பையில் மூடிக் கொண்டுபோய் மண்டபத்துக்குள் எடுங்கள். துப்பாக்கி வாயில் செம்மஞ்சள் நிறம் பூசுங்கள். இராணுவச் சீருடை போன்ற உருமறைப்புத் துணியை முற்றாகத் தவிருங்கள், பாத்திரம் எதுவானாலும். இந்த நகரத்தில், அதுவும் தமிழ்ப் பெயர் உள்ள அடையாள அட்டையோடு போகிற ஒரு பையனை, ஒரு பொம்மைக்காக யாரும் நிறுத்தி விசாரிக்கிற நிலை வரக்கூடாது. முழு வேஷத்தையும் பையில் கொண்டுபோய் அங்கேயே மாற்றிக்கொள்வது எல்லா வகையிலும் நல்லது. உலோகமும் கூரான முனையும் வாசலில் மறுக்கப்படலாம். போட்டியில் சேர்வதென்றால் விதிகளை முதலிலேயே படித்து, பதிவு முடியுமுன் பெயர் கொடுங்கள்.

எட்டுப் பக்கத்தில் உங்கள் கதை

வாசித்தாயிற்று, போய் வந்தாயிற்று. அப்புறம்? வரையுங்கள். ஓவியம் தெரியாது என்று சொல்லாதீர்கள். குச்சி மனிதர்களை வைத்தே நல்ல கதை சொல்லலாம்.

ஒரு ஏ4 தாளைக் கிடையாக வைத்து, நீளவாக்கில் ஒருமுறையும் குறுக்கே இரண்டு முறையும் மடித்தால் எட்டுக் கட்டம் விழும். விரித்து, நடுக்கோட்டில் நடு இரண்டு கட்டத்தின் அகலத்துக்கு மட்டும் வெட்டுங்கள். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 8, 1, 2, 3 என்று பக்க எண் போடுங்கள். மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 7, 6, 5, 4, ஆனால் தலைகீழாக. 1 முன் அட்டை, 8 பின் அட்டை. எழுதிய பக்கம் வெளியே வரும்படி நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் உள்ளே தள்ளினால் வெட்டு விரிந்து புத்தகமாக மடியும். முதலில் வெறுந்தாளில் செய்து பழகுங்கள்.

தமிழுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. நம் சொற்கள் நீளம், எழுத்துகளும் இடம் கேட்கும். பேச்சுக் குமிழை வரைந்துவிட்டு உள்ளே வசனத்தைத் திணித்தால் நெரிந்துவிடும். வசனத்தை முதலில் எழுதுங்கள், அதைச் சுற்றிக் குமிழை வரையுங்கள், மிச்ச இடத்தில் ஆளை வரையுங்கள். ஒரு குமிழில் ஆறேழு சொல்லுக்கு மேல் வேண்டாம். உங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசட்டும். அம்மம்மா யாழ்ப்பாணத்துத் தமிழும் பேரன் கொழும்புத் தமிழும் பேசினால் அப்படியே விடுங்கள்.

பென்சில் நகலில் விழாது, கறுப்புப் பேனையால் வரையுங்கள். ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டுவிடுங்கள், போட்டோகொப்பி இயந்திரம் விளிம்பைத் தின்னும். ஒழுங்கை முனையில் இருக்கிற கொமினிகேஷன் கடையில் இருபது பிரதி எடுத்தால் ஒரு கொத்து ரொட்டிக் காசு கூட ஆகாது. வெட்டி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கொன்னுக்குப் போங்கள். மேசையில் இருக்கிற ஓவியரிடம் ஒன்றை நீட்டி, “இது நான் செய்தது, உங்களுடையதோடு மாற்றிக்கொள்ளலாமா?” என்று கேளுங்கள். பின் அட்டையில் உங்கள் பெயரை எழுத மறக்காதீர்கள். தமிழிலேயே எழுதுங்கள்.